பயணத்துக்கு எந்தப் பின்னல் வேலையை எடுத்துப் போவது?

கேள்வி, ஏப்ரல் 9

அடுத்த மாதம் 9 நாள் குடும்பப் பயணம். மொத்தம் 7 பேர், அதில் 2 குழந்தைகள். கார், ரயில், ஒரு விமானம் என்று கலந்து போகிறோம். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வைத்தாலும் 27 மணி நேரம் கிடைக்கும். கட்டமிட்ட படம் பார்த்துப் பின்னும், துளைத்துளையான லேஸ் சால்வை ஒன்று, இரண்டு நிறத் தொப்பி ஒன்று, நேரம் மிஞ்சினால் ஒரு ஜோடி காலுறை. நூல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் எதையாவது சேர்க்கலாமா?

பதில், ஏப்ரல் 9, இரவு

சேர்க்காதீர்கள், எடுங்கள். சால்வையை அலமாரியில் திரும்ப வையுங்கள். தொப்பியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

27 மணி நேரம் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதே கணக்கை நானும் போட்டவள்தான். மூன்று வருடம் முன்பு 8 நாள் பயணத்துக்கு ஒரு லேஸ் சால்வையும் 800 மீட்டர் நூலும் கொண்டு போனேன். திரும்பி வந்தபோது 11 வரி முடிந்திருந்தது. வீட்டு விளக்கில் விரித்துப் பார்த்தால் அதிலும் 6 வரியைப் பிரிக்க வேண்டிய நிலை. லேஸ் என்றால் ஒவ்வொரு வரியிலும் "இரண்டைச் சேர், நூலை மேலே போடு, மூன்று நிட்" என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். (நிட் என்றால் சாதாரண நேர்க் கண்ணி, கண்ணி என்றால் ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையமும்.) "அந்தச் சின்னப் பை எங்கே வைத்தாய்?" என்று ஒரு குரல் வந்தால் போதும், மூன்று நிட் ஐந்து நிட் ஆகிவிடும். அது அப்போது தெரியாது, நான்கு வரி தாண்டித்தான் தெரியும்.

ஏப்ரல் 10

நேற்று அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். பயணத்தில் நேரம் இல்லாமல் போவதில்லை, சில்லறையாக வருகிறது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், ஒருவர் மட்டும் குளியலறையில் இருக்கிறார்: 7 நிமிடம். ரயில் தாமதம்: 20 நிமிடம், அதில் பாதி நேரம் யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது என்ற பேச்சு. இப்படிச் சேர்ந்தது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம்.

அதனால் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது "எத்தனை மணி நேரம் பிடிக்கும்" என்று நான் பார்ப்பதே இல்லை. வரியின் நடுவில் கூப்பிட்டால் அப்படியே போட்டுவிட்டு ஓடி, அரை மணி கழித்து எடுக்கும்போது, எங்கே நின்றேன் என்பதைக் கையில் இருக்கும் பின்னலே சொல்ல வேண்டும். காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்றால் அது வீட்டு வேலை. எல்லா வரியும் நிட்டாகவே போகும் கார்ட்டர் பின்னல் சொல்லும். வட்டமாகப் போகும் வெறும் நிட் சொல்லும். நிட்டும் அதைத் திருப்பிப் போடும் பர்லும் மாறி மாறி வரும் 2 நிட் 2 பர்ல் ரிப் சொல்லும், முந்தைய வரியைப் பார்த்தாலே தெரியும். கயிறு முறுக்கியது போன்ற கேபிள் பின்னல் கொஞ்சம் சொல்லும், கொஞ்சம் மழுப்பும்.

ஏப்ரல் 10, மாலை

காலுறைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2.25 மி.மீ. ஊசி, 64 கண்ணி. கணுக்காலுக்கு மேலே வரும் கால் பகுதியில் 60 சுற்று, பாதத்தில் ஏறக்குறைய அதே அளவு, குதிகால், விரல் முனை எல்லாம் சேர்த்துச் சுமார் 10,000 கண்ணி. அமைதியாக உட்கார்ந்தால் நிமிடத்துக்கு 30 கண்ணி போடுவேன். ஆக ஐந்தரை மணி நேரம். 100 கிராம் காலுறை நூல், அதாவது சுமார் 400 மீட்டர், பெரியவர்கள் காலுக்குத் தாராளமாகப் போதும்.

ஏப்ரல் 11

திருத்தம். 10,000 கண்ணி ஒரு காலுறைக்கு. ஜோடிக்கு 20,000, அதாவது 11 மணி நேரம். 400 மீட்டர் என்று நான் சொன்னது ஜோடிக்கு. இரண்டையும் குழப்பி எழுதிவிட்டேன், மனிதருக்கு இரண்டு கால் என்பது மறந்துபோயிற்று. கார் குலுக்கலில் என் வேகம் பாதியாகும் என்பதையும் சேர்த்தால், ஒரு வாரப் பயணத்துக்கு ஒரு ஜோடி காலுறையே விருந்து. முடியாது, முடியவும் வேண்டாம்.

ஏப்ரல் 13

இப்போது தொப்பி. ஒரு நிறத் தொப்பி என்றால் நானே கையில் கொடுத்து அனுப்புவேன். இரண்டு நிறம் என்றால் யோசிக்க வேண்டும். இரண்டு நூற்கண்டும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்ளும், காரில் அவற்றைப் பிரித்து வைக்க இடம் கிடையாது. அதைவிட, பின்பக்கம் நீளமாக ஓடும் நூலைத் தளர்வாக விட வேண்டும். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போது யாருடைய கை தளர்வாக இருக்கிறது? என் முதல் இரண்டு நிறத் தொப்பி மலைப்பாதையில் பின்னியது. பெரியவருக்கு என்று ஆரம்பித்து, பொம்மைக்குக்கூடச் சிரமப்பட்டுத்தான் ஏறியது.

இன்னொரு விஷயம். தொப்பியை 40 செ.மீ. சர்க்குலர் ஊசியில், அதாவது இரண்டு முனைகளை வளையும் கேபிள் இணைக்கும் ஊசியில், ஜாலியாகப் பின்னிக்கொண்டே போவோம். உச்சிக்கு வந்து கண்ணிகள் குறையக் குறைய அந்த ஊசி எட்டாது. இருமுனை ஊசி ஐந்தோ, நீளக் கேபிளை மடித்துச் சின்ன வட்டம் பின்னும் மேஜிக் லூப்புக்கு 80 செ.மீ. நீளக் கேபிளோ வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் நான், மூன்று நாள் அந்தத் தொப்பி உச்சி திறந்தே கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "குளிர்காலத்துக்குக் காற்றோட்டமா?" என்று கேட்டார்கள். அப்போதிருந்து எல்லாவற்றுக்கும் 80 செ.மீ. கேபிள் ஒன்றுதான். தொப்பி, காலுறை, கைப்பகுதி, எல்லாமே அதிலேயே நடக்கும்.

ஏப்ரல் 14

நேர் ஊசி வேண்டாமா என்று ஒரு கேள்வி. 35 செ.மீ. நேர் ஊசியுடன் காரின் பின் இருக்கையில் நடுவில் உட்கார்ந்து பாருங்கள். என் அக்கா விலாவைக் கேளுங்கள், சொல்லும்.

ஏப்ரல் 17

விமானம். பத்து வருடமாக மர ஊசி, மூங்கில் ஊசி மட்டும்தான் கைப்பையில் எடுத்துப் போகிறேன், உலோகம் என்றால் பிடுங்கிவிடுவார்கள் என்று நம்பி. நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் பட்டியலில் பின்னல் ஊசிகள் கைப்பையில் அனுமதிக்கப்பட்டவைதான், உலோகத்துக்கு என்று தனித் தடை இல்லை. ஆனால் கடைசி முடிவு வாசலில் நிற்கும் அதிகாரியுடையது. நாட்டுக்கு நாடு, விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், போகிற வழியின் விதியை மட்டும் பாருங்கள். மர ஊசியைப் பார்த்தால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் நான் அதையே தொடர்கிறேன், நம்பிக்கை தப்பாக இருந்தாலும் பழக்கம் சரிதான்.

கத்தரிக்கோல், அங்கே, திருகாணியிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்குக் குறைவு என்றால் போகலாம். கழுத்தில் தொங்கவிடும் வட்ட நூல்வெட்டி இருக்கிறதே, பார்க்க பதக்கம் மாதிரி, பரம சாது. அதற்குள் பிளேடு இருப்பதால் அது கைப்பையில் போகக்கூடாது. பல்லிடுக்கு நூல் டப்பாவின் மூடியில் இருக்கும் குட்டி வெட்டு முனையே காலுறை நூலுக்குப் போதும். அந்தப் பல் நூலுக்கும் ஒரு வேலை உண்டு: வாசலுக்கு வருமுன் எல்லாக் கண்ணிகளுக்கும் ஊடாக அதை ஓடவிட்டு வைத்தால், ஊசியைப் பறித்துக்கொண்டாலும் பின்னல் பிழைக்கும்.

ஏப்ரல் 18

நீங்கள் "அப்படியென்றால் காலுறை மட்டுமா? அலுத்துப் போகாதா?" என்று எழுதியிருந்தீர்கள். அலுத்துத்தான் போகும். அலுப்பான வேலைதான் பயணத்துக்கு வேண்டும். சுவாரசியமான பின்னலை எடுத்துப் போனால் ஜன்னலைப் பார்க்க மாட்டீர்கள், அப்புறம் எதற்கு ஊர் விட்டு ஊர் போவது?

இது கொஞ்சம் பிரசங்கம் மாதிரி ஆகிவிட்டது. விடுங்கள். செய்முறை சொல்கிறேன். இரண்டு காலுறைகளையும் வீட்டிலேயே ஆரம்பித்துவிடுங்கள், இரண்டு தனித்தனி ஊசியில். கண்ணி ஏற்றி, வட்டம் முறுக்காமல் சேர்த்து, மேல் ரிப்பை முடித்து, நான்கு சுற்று வெறும் நிட் போட்டு வையுங்கள். வழியில் மிச்சம் இருப்பது மூளை வேண்டாத கால் பகுதி, அதுவும் இரண்டு. முதல் காலுறை குதிகாலுக்கு வந்ததும் அதை மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். குதிகால் திருப்பத்தை மற்றவர்கள் எழுவதற்கு முன் விடியற்காலையில் போடலாம். விரல் முனையை மூடும் கிச்சனர் தையலை வீட்டுக்கு வந்துதான் போட வேண்டும். 1914 முதல் 1916 வரை பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்தவரின் பெயரைத் தாங்கிய தையல் அது, குடும்பத்துக்கு நடுவே போட்டால் போர்தான்.

ஏப்ரல் 18, பிற்பகல்

மறந்துவிட்டேன்: சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, இருக்கும் நூலைக் கிளம்புமுன் உருட்டி வையுங்கள். ஓட்டல் அறையில் சிட்டத்தை மாட்ட இரண்டு கை வேண்டும், அந்த இரண்டு கைக்குச் சொந்தக்காரர் தொலைக்காட்சி பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அளவு பார்க்கும் மாதிரித் துண்டையும் வீட்டிலேயே பின்னி, நனைத்து, காயவைத்து அளந்துவிடுங்கள்.

ஏப்ரல் 20

ஊசி எண் பற்றி ஒரு சொந்தக் கதை. ஒரு தடவை வழியில் 2.25 மி.மீ. ஊசி உடைந்துவிட்டது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து நேராக அங்கே வந்து சேர்வதாக இருந்தது. "13ஆம் எண் ஊசி வாங்கி வா" என்று செய்தி அனுப்பினேன். என்னிடம் இருந்தது பழைய பிரிட்டிஷ் எண், அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அவன் வாங்கியது அமெரிக்க 13, அங்கே எண் ஏற ஏறத் தடிக்கும். 9 மி.மீ. உலக்கை ஒன்று வந்து இறங்கியது. அந்த வாரம் முழுவதும் குழந்தைகள் அதை வைத்து மேளம் அடித்தார்கள். எண்ணைச் சொல்லாதீர்கள், மில்லிமீட்டரைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 22

ஸ்வெட்டரை எடுத்துப் போகலாமே, உடல் பகுதி வெறும் நிட்தானே என்று ஒருவர் கேட்கிறார். என் தேர்வில் அது பாஸ்தான், எங்கே விட்டாலும் எங்கே நின்றோம் என்று சொல்லும். ஆனால் வெயிலில் மடியில் முக்கால் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு உட்காருவது, குளிர்காலத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுவது போலத்தான். பை முழுக்க அதுவே நிரம்பிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 23

இல்லை, யோசித்துப் பார்த்தேன். கைப்பகுதியை மட்டும் தனியாக மணிக்கட்டிலிருந்து மேலே பின்னும் ஸ்வெட்டர் என்றால் அந்த இரண்டு கைகளும் அருமையான பயண வேலை. சின்னது, கனம் கிடையாது, ஆறு அல்லது எட்டு சுற்றுக்கு ஒரு தடவை இரண்டு கண்ணி கூட்டினால் போதும். கழுத்திலிருந்து கீழே வரும் ஸ்வெட்டரில் மட்டும் இது நடக்காது, கையைப் பின்ன மொத்த ஸ்வெட்டரும் மடியில் சுழலும். கூட்டும் சுற்றுகளை மறக்காமல் இருக்க, பூட்டும் மார்க்கரை, அதாவது அடையாள வளையத்தை, அந்தக் கண்ணியிலேயே மாட்டிவிடுகிறேன். எண்ணிக் காட்டும் கருவியை நம்புவதில்லை, என் மருமகன் அதை அமுக்கிப் பார்த்ததில் ஒரு தடவை என் கைப்பகுதிக்கு 99 சுற்று ஆகிவிட்டது.

ஏப்ரல் 25

நாளை மறுநாள் நாங்களும் கிளம்புகிறோம், 7 நாள். என் பையில்: இரண்டு காலுறை, ரிப் முடிந்தது. தடித்த பருத்தி நூல் ஒரு கண்டு, 4 மி.மீ. ஊசி, மூலைவிட்டமாகக் கூட்டிக் குறைக்கும் கார்ட்டர் சதுரத்துக்கு. அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றை எடுத்து உள்ளே வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். ஆசை இருக்கு தாசில் பண்ண. இப்போதைக்கு வெளியே இருக்கிறது.

காலுறை நூல் அடர்நீலம். தப்பு என்று தெரிந்தே எடுத்தேன். கறுப்பு, அடர்நீலம் எல்லாம் ஓட்டல் அறையின் மங்கல் விளக்கில் கண்ணியைக் காட்டாது. நீங்கள் வெளிர் நிறமாக எடுங்கள்.

ஏப்ரல் 28

முதல் நாள் கணக்கு: 12 நிமிடம். காரில் குனிந்ததும் தலை சுற்றியது. குதிகால் இல்லாத வெறும் நிட் என்றாலும் பார்க்காமல் பின்னும் பழக்கம் இல்லை என்றால் காரில் எதுவும் நடக்காது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு பின்னிப் பாருங்கள். விரல்நுனிக்குக் கண்ணி தெரியும், நம்பத்தான் நாளாகும்.

ஏப்ரல் 30

வழி பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். 41, 42 என்று எண்ணிக்கொண்டிருந்ததில் திருப்பம் போய்விட்டது. 18 கி.மீ. சுற்று. கணவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நெடுநேரம் எதுவுமே சொல்லவில்லை. பின்னுபவர் முன் இருக்கையில் உட்காரக் கூடாது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே 1

கடற்கரையில் கம்பளியைத் தொட முடியவில்லை. கை வேர்த்து நூல் ஊசியில் ஒட்டுகிறது, மூங்கில் என்பதால் இன்னும் மோசம். பருத்திச் சதுரத்தை எடுத்தேன். பருத்திக்கு இழுபடும் குணம் கிடையாது, நீண்ட நேரம் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும், ஆனால் சதுரம் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மணலைத் தட்டிவிட்டால் போகும். ஜிப் பையில் வைத்துக்கொண்டு நூலை மட்டும் சின்னத் திறப்பு வழியாக வெளியே விட்டால் தட்டவும் வேண்டாம்.

அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் கொடுங்கள் சித்தி" என்றாள். ஊசியைக் கொடுத்தேன். 15 கண்ணி ஏற்றிக் கொடுத்தது, கொஞ்ச நேரத்தில் 23 ஆகியிருந்தது. எப்படி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அந்த நூல் மொத்தமும் அவளுடையதாகிவிட்டது. ஆக ஒரு திருத்தம்: கூடுதலாக ஒரு ஜோடி தடித்த ஊசியும் ஒரு கண்டு மலிவான நூலும் எடுத்துப் போங்கள். அது உங்கள் வேலையைக் காப்பாற்றுவதற்கு.

மே 5

வீட்டுக்கு வந்தாயிற்று. 7 நாளில் மொத்தம் சுமார் 5 மணி நேரம் பின்னியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று ஏப்ரல் 10இல் பெருமையாக எழுதியதை 40 நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கால் பகுதியும் முடிந்தன, ஒரு குதிகால் விடியற்காலையில் போட்டது, அடர்நீலம் என்பதால் ஒரு கண்ணி நழுவி மூன்று வரி கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது வேலையை எடுத்துப் போகாதது பற்றி ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை.

ஒரே ஒரு உறுத்தல். கடைசி நாள் இரவு எல்லோரும் ஒரே அறையில் கூடி அம்மா பழைய கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கை ஓட ஓடக் கேட்டேன். பின்னினால்தான் எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து கேட்கவே வரும், அது உண்மை. ஆனால் அம்மா என் கையைப் பார்த்துத்தான் பேசினார், முகத்தைப் பார்த்து இல்லை. அப்போது அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கால் பகுதியைப் பார்த்தால் எந்த 20 சுற்று அந்தக் கதைகள் என்று எனக்குத் தெரிகிறது, கொஞ்சம் தளர்வாக இருக்கின்றன.

மே 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். "நீ பின்னாமல் இருந்தால் போனை நோண்டிக்கொண்டிருப்பாய்" என்றார். உறுத்தல் பாதி குறைந்தது.

மே 22

நீங்கள் திரும்பி வந்து எழுதியதைப் பார்த்தேன். நான் இவ்வளவு சொல்லியும் சால்வையைப் பெட்டியின் அடியில் மறைத்துக் கொண்டு போயிருக்கிறீர்கள். இரண்டு நாள் விடாத மழை, அறையை விட்டு யாரும் நகரவில்லை, குழந்தைகள் படம் பார்த்தார்கள், நீங்கள் 58 வரி. பிழை ஒன்றுகூட இல்லை. காலுறையை வெளியிலேயே எடுக்கவில்லை.

நான் இதுவரை எழுதிய எல்லாவற்றிலும் மழையே இல்லை, சரி, ஒப்புக்கொள்கிறேன். 58 வரி முக்கோணச் சால்வையில் என்றால் இனிமேல் ஒவ்வொரு வரியும் நீண்டுகொண்டே போகும், பாதி வரி முடிந்தாலும் பாதி வேலை முடிந்ததாக ஆகாது என்பதை மட்டும் வயிற்றெரிச்சலோடு ஞாபகப்படுத்துகிறேன்.

மே 22, இரவு

அந்தச் சால்வைக்கு எந்தத் தடிமன் நூல், எத்தனை மி.மீ. ஊசி? ஜூலையில் எங்களுக்கு இன்னொரு பயணம் இருக்கிறது. மலைப்பக்கம், மழைக்காலம். சும்மாதான் கேட்கிறேன்.